ஆயில் குடிக்கிற வண்டி

அந்த ஆயில் டப்பாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி. நம்பர் பார்க்கணும். பத்து முப்பதா? சரிதான். யார் வண்டிக்கு? உங்க மாமனார் வண்டிக்கா? பழசுதானே, செகண்ட்ஸ்ல எடுத்ததுதானே? நினைச்சேன். நீங்களும் ஓசூர்தான் போறீங்கன்னா, பஸ் போய்ச் சேர நிறைய நேரம் இருக்கு. கேட்டுக்குங்க. இந்த ஆயில் விஷயத்துல என்னை மாதிரி அல்லாடினவன் நாமக்கல் ஜில்லாவுலயே இருக்கமாட்டான்.

என் பேரு அர்த்தநாரி. ராசிபுரம் பக்கம் ஒரு பால் சங்கத்துல முப்பத்தோரு வருஷம் டெஸ்டரா இருந்தேன். காலையில வரிசையா பால் கொண்டுவந்து நிப்பாங்கல்ல, அதுல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கிற வேலை. கருவியைப் பாலுக்குள்ள விட்டா மிதக்கும். எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்துச் சொல்லிடுவேன். சில பேருக்குக் கருவியே வேண்டாம், மூஞ்சியைப் பார்த்தாலே போதும். கலப்படம்னா எனக்கு ஆகாதுங்க. வீட்டுலயும் அப்படித்தான். பச்சரிசியில புழுங்கலரிசி நாலு கிடந்தாக்கூட எனக்குச் சோறு இறங்காது.

ரிட்டையர் ஆனதும் ஒரு கார் எடுத்தேன். போன வருஷம் தை மாசம். பதினோரு வருஷத்து வண்டி, பெட்ரோல், வெள்ளை. ஒரு டாக்டரம்மா ஓட்டினது, சிங்கிள் ஓனர்னு புரோக்கர் சொன்னான். நான் சும்மா எடுக்கலை. சுத்திச் சுத்திப் பார்த்தேன், டயரைத் தட்டிப் பார்த்தேன், எங்க ஊர் மெக்கானிக் சகாயராஜைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவன் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பின்னாடி போய்க் குனிஞ்சு புகையை மோந்து பார்த்தான். என்னடா நாய் மாதிரி மோந்து பார்க்கிறான்னு நினைச்சேன்.

அவன் சொன்னான், "அண்ணா, வண்டி நல்ல வண்டி. எடுங்க. ஆனா கொஞ்சம் ஆயில் குடிக்கும்."

"குடிக்கும்னா?"

"ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் குறையலாம். உள்ள ரிங் தேஞ்சிருக்கு. இப்போதைக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆயில் அளவு பார்க்கிற கேஜ் கம்பியை உருவிப் பாருங்க. ரெண்டு கோடு இருக்கும். கீழ்க்கோட்டுக்கு வந்தா கொஞ்சம் ஊத்திக்குங்க. இருபது அம்பது நம்பர் ஆயில் போதும். இதைச் செஞ்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

இதை எல்லாம் நம்ப முடியுங்களா? வாராவாரம் ஆயில் ஊத்துன்னு மெக்கானிக்கே சொன்னா என்ன அர்த்தம்? அவன் கடையிலதான ஆயில் விக்குது. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில ஒரு அட்டையை விரிச்சேன். மூணு நாள் விட்டேன். ஒரு சொட்டு இல்லைங்க. சுத்தமா இருந்தது அட்டை. வெளியில ஒழுகலை, அப்புறம் எங்க போகும் ஆயிலு? வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வசந்தாமணி என் வீட்டுக்காரம்மா. "பார்த்துக்க, உன் சகாயராஜ் விடற கதையை"ன்னேன். அவன் இவளுக்குத் தம்பி மாதிரி, அக்கா அக்காம்பான். அவ அட்டையைப் பார்த்துட்டு, "ரிங்கு தேஞ்சா உள்ளயே எரிஞ்சு புகையாப் போகும்னுதானங்க அவன் சொன்னான்"னா. இவளுக்கு என்ன தெரியும்? பத்தாவது வரைக்கும் படிச்சவ.

சித்திரையில சர்வீஸ் விட்டேன். சகாயராஜ் என்னைக் கூப்பிட்டு, அடியில தட்டு வெச்சு, கண்ணு முன்னாடி ஆயிலை இறக்கினான். மூணரை லிட்டர் இருக்கவேண்டிய எடத்துல ஒண்ணரைகூட வரலை. கரிக்கட்டை மாதிரி கருப்பு. "அண்ணா, கம்பியைப் பார்த்தீங்களா"ன்னான். நான், "நீ ஊத்தின ஆயிலு சரியில்லை"ன்னேன். வேற என்ன சொல்றது? ஆயில் காணாமப்போச்சுன்னா ஆயில்லதான கோளாறு.

அங்க ஆரம்பிச்சுதுங்க எனக்கு. எந்த ஆயிலு நல்ல ஆயிலு? யாராவது ஒருத்தன் ஒரே மாதிரி சொல்லட்டுமே. வண்டியோட வந்த புஸ்தகத்துல அஞ்சு முப்பது போட்டிருக்கு. சகாயராஜ் இருபது அம்பதுங்கறான். சேலத்துல ஒரு பெரிய கடைக்குப் போனேன். அவன், "பழைய வண்டிக்குன்னே தனியா வந்திருக்கு சார், பத்து நாப்பது"ன்னான். மெட்ராஸ்ல இருக்கிற என் அண்ணன் மகன் போன்ல, "பெரியப்பா... இல்ல சித்தப்பா, சிந்தெட்டிக் ஆயில் போடுங்க, ஒரு சொட்டு குறையாது"ங்கறான். அவனுக்கு என்னைக் கூப்பிடற முறையே மறந்துபோச்சு, அவன் ஆயிலுக்கு யோசனை சொல்றான். செல்போன்ல வீடியோ பார்த்தேன். ஒருத்தன் கெட்டியான ஆயில்தான் பழைய எஞ்சினுக்கு உசுருங்கறான், அடுத்தவன் கெட்டி ஆயிலு எஞ்சினைக் கொன்னுரும்ங்கறான். ரெண்டு பேருமே கோட்டு போட்டுட்டுப் பேசறானுங்க.

ஒரு நோட்டுப் போட்டேன். வசந்தாமணி சாப்பாடு எடுத்து வெச்சுட்டுக் கூப்பிடுவா, நான் நோட்டுல எழுதிட்டிருப்பேன். குளிர்ல எப்படி, சூட்டுல எப்படி, எந்த நம்பருக்கு என்ன அர்த்தம், எல்லாம். ஒரு நாள் சாப்பிடறப்ப அவ, "எந்த ஆயிலா இருந்தாலும் அளவு பார்க்கணும்ல"ன்னா. எனக்குக் கோபம் வந்துருச்சு. அளவைப் பத்தி எனக்குச் சொல்றியான்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். முப்பத்தோரு வருஷம் அளவு பார்த்தவன் நானு.

கடைசியில சிந்தெட்டிக்தான். இருக்கிறதுலயே ஒசந்தது. வைகாசியில சகாயராஜ்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்து, "இதை ஊத்து, வேற ஒரு சொட்டு இதுல கலக்கக் கூடாது"ன்னு சொன்னேன். "இது தண்ணியா இருக்குண்ணா, இன்னும் சீக்கிரம் குடிக்கும்"னான். ஊத்துடான்னேன். ஊத்தினான்.

இப்ப நல்லாக் கேட்டுக்குங்க. வைகாசியில இருந்து மார்கழி வரைக்கும். ஏழு மாசம். ரெண்டு சர்வீஸ். ரெண்டு தடவையும் ஆயில் இறக்கினப்ப முழுசா இருந்துச்சு. மூணரை லிட்டரும் அப்படியே. நான் சகாயராஜைப் பார்த்தேன். "என்ன சொல்றே இப்போ?"ன்னேன். அவன் முன் சீட்டுல உக்காந்திருந்த வசந்தாமணியைப் பார்த்தான். அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. தோத்துப்போனவனுக்குப் பரிதாபப்படறாளாக்கும்னு நினைச்சேன்.

அந்த ஏழு மாசமும் எனக்கு ராஜ வாழ்க்கைங்க. டீக்கடையில, கல்யாண வீட்டுல, எங்க பார்த்தாலும் சொன்னேன். பள்ளிக்கூட வேன் ஓட்டறவரு ஒருத்தரு என் பேச்சைக் கேட்டு அதே ஆயில் வாங்கி ஊத்தினாரு. எதிர்வீட்டுக்காரரும் வாங்கினாரு. அவங்க ரெண்டு பேருக்கும் ஏன் ஆயில் குறைஞ்சுதுன்னு எனக்கு அப்பப் புரியலை. டூப்ளிகேட் வாங்கிட்டீங்கன்னு சொல்லிட்டேன்.

தை மாசம் எங்க பொண்ணு மோகனப்பிரியாவுக்கு ஏழாவது மாசம். ஓசூர்ல வேலை. பிரயாணம் பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியலை. அதனால வசந்தாமணி அங்க போயிட்டா. போறப்ப வாசல்ல நின்னு, "வண்டியைச் சகாயராஜ்கிட்ட வாரம் ஒருக்காக் காட்டுங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னா. சரி சரின்னேன். எதுக்குக் காட்டறது? ஏழு மாசமா ஒரு தொந்தரவு இல்லாத வண்டி.

வீட்டுல தனியா இருக்க எனக்குப் பிடிக்கலைங்க. உண்மையைச் சொல்றேன். காலையில எந்திரிச்சா டம்ளர் சத்தம் இல்லை. அதனால வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். திருச்செங்கோடு, சேலம், நாமக்கல், ஒரு நாள் கரூர்கூடப் போனேன், ஒரு காரணமும் இல்லாம. மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

பங்குனியில பேரன் பொறந்தான். முப்பதாம் நாள் பேர் வெச்சுத் தொட்டில்ல போடணும். தொட்டிலு அம்மா வீட்டுச் சீர். நான் ராசிபுரத்துல ஆசாரிகிட்டச் சொல்லி, தேக்குல, ரெண்டு பக்கமும் கிளி வெச்சு, கடைசல் பிடிச்சுச் செஞ்சு வாங்கினேன். பின் சீட்டை மடக்கி அதை வெச்சுக் கட்டிட்டுக் காலையில கிளம்பினேன். பத்தரைக்குள்ள பேர் வைக்கணும். எட்டு மணி சுமாருக்குத் தொப்பூர் மேட்டுல ஏறறப்ப டேஷ்போர்டுல சின்னதா ஒரு செவப்பு லைட்டு. எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டிருக்கும். வந்துச்சு, போச்சு. மறுபடி வந்துச்சு. ஒயரு லூசா இருக்கும்னு நினைச்சேன். ஆயில் குறையறதுக்கு வழியே இல்லையே. அப்புறம் அணையாம நின்னுச்சு. நேரம் ஆகுதேன்னு மிதிச்சேன். உள்ள இரும்புல சுத்தியலை வெச்சுத் தட்டற மாதிரி சத்தம். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. டக்குனு ஒரு அடி. அவ்வளவுதான். நின்னுருச்சு. சாவியைத் திருப்பினா அசைய மாட்டேங்குது. எஞ்சின் பிடிச்சுருச்சு.

தொட்டிலை எறக்கிட்டு ரோட்டோரம் நின்னேங்க. பஸ்ல ஏத்தலாம்னு கை காட்டினேன். ஒருத்தரும் நிறுத்தலை. மேட்டுல யார் நிறுத்துவா? லாரிக்காரங்க எல்லாம் மெதுவா ஏறறப்ப எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க. பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, பக்கத்துல கிளித் தொட்டிலு. வெயில்ல மூணு மணி நேரம். மாப்பிள்ளை போன் மேல போன். அப்புறம் மோகனப்பிரியா பேசினா. "அப்பா, நேரம் போயிருச்சுப்பா. பக்கத்து வீட்டுத் தொட்டிலை வாங்கிப் போட்டுட்டோம்"னா. பேர் என்ன வெச்சீங்கன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரலை. அடுத்த நாள்தான் தெரியும்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு சகாயராஜ் கடைக்கு வந்தேன். அவன் அடியில போல்ட்டைக் கழட்டினான். ஒரு காபி டம்ளர் அளவு வந்துச்சு. கெட்டியா, தார் மாதிரி. அதைப் பார்த்துட்டே கேட்டான், "அக்கா ஊர்ல இல்லையாண்ணா?"

"அவளுக்கும் இதுக்கும் என்னடா?"

துணியில கையைத் துடைச்சான். அப்புறம் சொல்லிட்டான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வசந்தாமணி டவுன் பஸ்ல ஏறி அவன் கடைக்கு வருவாளாம். அரை லிட்டர் ஆயில் வாங்கிட்டுப் போவாளாம். இருபது அம்பது. முதல் தடவை வந்தப்ப, கடையில நின்ன வேற ஒரு வண்டியில கேஜ் பார்க்க, ஊத்த, எல்லாம் அவன்தான் சொல்லிக் குடுத்தானாம். நான் ஞாயித்துக்கிழமை நடந்து சந்தைக்குப் போற நேரமாப் பார்த்து ஊத்தியிருக்கா. ஏழு மாசமும். என்கிட்டச் சொல்லாதேன்னு அவன்கிட்டச் சொல்லியிருக்கா.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. ஊருக்கே கலப்படம் பிடிச்சவன் வீட்டுல கலப்படம். நான் தேடித் தேடி வாங்கின சிந்தெட்டிக்ல இவ இருபது அம்பதைக் கலந்திருக்கா. "அதனாலதாண்டா பிடிச்சுருச்சு, ரெண்டும் கலந்து"ன்னு கத்தினேன்.

சகாயராஜ் சத்தமே போடலை. "கலந்ததால ஒண்ணும் ஆகலைண்ணா. கலக்க ஆள் இல்லாததாலதான் ஆச்சு"ன்னான்.

அங்கயே நின்னு அவளுக்குப் போன் போட்டேன். என்னென்ன பேசினேன்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்லை. என் பேரனுக்குத் தொட்டில் போடக் குடுத்து வைக்கலை, எல்லாம் உன்னாலன்னு சொன்னேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு. ஏன் என்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன்.

அவ சொன்னா, "மூணு தடவை சொன்னனுங்க. அட்டை போட்டப்பச் சொன்னேன். சாப்பிடறப்பச் சொன்னேன். கிளம்பறப்பச் சொன்னேன்."

"ஊத்தறேன்னு சொன்னியா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நல்லம்மா பாலைக் கொட்டின மாதிரி நடு வாசல்ல கொட்டியிருப்பீங்க."

நல்லம்மா யாருன்னு கேக்கறீங்களா? அது பழைய கதை, பதினெட்டு வருஷம் இருக்கும். எங்க தெருவுதான். கருவி கோட்டுக்குக் கீழ போச்சு, அத்தனை பேர் முன்னாடியும் கேனோட கொட்டினேன். ரூல்ஸ். மாடு சீக்கு, அதனால பாலே தண்ணியா இருந்திருக்குன்னு அப்புறமா வைத்தியர் சொன்னாரு. அது எனக்கு எப்படித் தெரியும்? கருவி சொன்னதை நான் செஞ்சேன். அந்தம்மா அதுக்கப்புறம் சங்கத்துக்கு வரலை. அவங்க வீட்டுக்கு வசந்தாமணி போயிட்டு வந்தாளாம், அதுவே எனக்கு அந்தப் போன்லதான் தெரியும்.

இதை எல்லாம் அவ கோபமாச் சொல்லலைங்க. அதான் எனக்கு எரிச்சலு. சண்டை போட்டா நானும் போடலாம். அரிசி விலை சொல்ற மாதிரி சொன்னா. கடைசியில, "நான் இங்கயே கொஞ்ச நாள் இருக்கேன், குழந்தை கழுத்து நிக்கட்டும்"னா. கழுத்து நின்னு இப்ப ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கேட்டா, "குப்புற விழட்டும்"ங்கறா.

வண்டியை சகாயராஜ் நாப்பது நாள் வெச்சிருந்தான். ரிங் மாத்தி, பேரிங் மாத்தி, என்னென்னவோ பண்ணிக் கொண்டுவந்து வீட்டுல விட்டான். எந்த ஆயிலு ஊத்தினான்னு நான் கேட்கலை. அவனும் சொல்லலை. "இனிமே அவ்வளவு குடிக்காதுண்ணா. ஆனா கம்பியைப் பாருங்க"ன்னான். போயிட்டான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு வண்டிகிட்டப் போனேன். இப்ப நான் சொல்றதை வெளியில சொல்லிடாதீங்க. எஞ்சினை மூடியிருக்கிற பானெட்டைத் திறக்கத் தெரியலைங்க எனக்கு. ஒண்ணரை வருஷம் வண்டி வெச்சிருக்கேன். முன்னாடி தட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். சகாயராஜைக் கேட்க மானம் போகுது. எதிர்வீட்டுக்காரரு பால்கனியில நிக்கறாரு. வண்டிக்குள்ள போய் உக்காந்துகிட்டு வசந்தாமணிக்குப் போன் போட்டேன்.

"பானெட்டு எப்படித் திறக்கறது?"ன்னேன்.

அந்தப் பக்கம் குழந்தை அழுதுது. யார்கிட்டயோ குடுத்துட்டு வந்தா.

"வலது முழங்காலுக்குப் பக்கத்துல, ஸ்டியரிங்குக்குக் கீழ கருப்பா ஒரு கைப்பிடி இருக்கும். இழுங்க. டக்குனு சத்தம் வந்துச்சா? எறங்கி முன்னாடி வாங்க. நடு சந்துல விரலை விடுங்க. நாக்கு மாதிரி ஒண்ணு தட்டுப்படும். அதை இடது பக்கம் தள்ளிட்டுத் தூக்குங்க. பாத்து, முட்டுக் கம்பியைக் குடுத்து நிறுத்துங்க, இல்லைன்னா தலையில விழும். வண்டி இப்ப ஓடுச்சா?"

"இல்லை."

"அப்பச் சரி. ஓடியிருந்தா பத்து நிமிஷம் இருக்கணும். மஞ்சளா ஒரு வளையம் தெரியுதா? அதை உருவுங்க. முதல்ல உருவறதைப் பார்க்காதீங்க, அது பொய் சொல்லும். துணியில தொடைச்சுட்டு மறுபடி முழுசா விட்டு எடுங்க. படுக்கையாப் பிடிங்க. எங்க நிக்குது?"

வேட்டியில தொடைச்சேன். விட்டு எடுத்தேன். பார்த்தேன். ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னுச்சு.

"நடுவுல"ன்னேன்.

"போதும்"னா. "மறுபடி குத்தி வெச்சுட்டு மூடுங்க. ஒரு சாண் ஒசரத்துல இருந்து விட்டா அதுவே பிடிச்சுக்கும். அமுக்காதீங்க."

வெச்சுட்டா.

இவ இதை எல்லாம் எப்பத் தெரிஞ்சுகிட்டான்னு யோசிச்சுட்டே, பானெட்டைத் திறந்து வெச்சுட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. ஒரு நாளு அவ கையில கருப்பா இருந்துச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. என்னதுன்னு கேட்டேன், அடுப்புக் கரின்னா. எங்க வீட்டுல கேஸ் அடுப்பு. கரி ஏது? முப்பத்தோரு வருஷம் டெஸ்டரு நானு, எனக்கு அது தோணவே இல்லை. ஒருத்தரு பயந்துட்டுப் பொய் சொன்னா எனக்கு மூஞ்சியிலயே தெரியும்னு சொன்னேன்ல. அவ மூஞ்சியை நான் பார்த்தேனான்னுதான் இப்ப யோசிக்கிறேன்.

ஆனா ஒண்ணு தம்பி, என் மேல என்ன பயம்? நீங்களே சொல்லுங்க. சேலத்துல ஏறினதுல இருந்து என்கூடப் பேசிட்டு வர்றீங்க. நான் பயப்படற மாதிரி ஆளா? என்ன, நீங்க பேசவே இல்லையா? ஆமா, நான்தான் பேசிட்டு வர்றேன்.

இருங்க, அவதான் கூப்பிடறா.

சொல்லு வசந்தா... ம்... சூளகிரி வரப்போகுது... சாப்பிட்டேன், கிருஷ்ணகிரியில ரெண்டு இட்லி... இல்லை, கார்ல வரலை. பஸ்லதான்... வண்டிக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுலதான் நிக்குது. நல்லாத்தான் ஓடுது... எடுக்கலை. இன்னைக்குக் காலையில கம்பியைப் பார்த்தேன், கீழ்க்கோட்டுக்கிட்ட நிக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. எனக்குச் சரியாத் தெரியலை... இல்லை, அவன்கிட்டக் கேட்கலை. நீ வந்து பார்த்துச் சொல்லு. நீ ஊத்தச் சொன்னா ஊத்தறேன். எதைச் சொல்றியோ அதை... வசந்தா?... இருக்கியா?

என்ன சொன்னாளா? ஒண்ணும் சொல்லலைங்க. போனை வைக்கவும் இல்லை. பாருங்க, இன்னும் லைன்லதான் இருக்கா. குழந்தை சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் நான் பேசாம இருக்கேன் தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க.